ஆமென் வரும் வரை

அத்தியாயம் 11

வில்வண்டி ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றது. உள்ளேயிருந்து பாட்டுச் சத்தம் வரவில்லை. அதைக் கொண்டே யூனிஸுக்கு விஷயம் பாதி விளங்கிவிட்டது.

அவளுடைய மாமனார் சுவிசேஷமுத்து உபதேசியார் பாடாமல் வண்டியில் ஏறியதும் இல்லை, பாடாமல் இறங்கியதும் இல்லை. பாளையங்கோட்டைத் தெருவில் அவர் வருகிறார் என்பதை மாட்டு மணிக்கு முந்தி அவர் தொண்டை சொல்லிவிடும்.

வண்டிக்காரர் சிவசைலம் குதித்து இறங்கினார்.

"கம்பவுண்டர் எங்கன இருக்காவ தாயி? அவுக அப்பாவக் கொண்டாந்திருக்கேன். ராதாபுரத்துல நேத்து மத்தியானம் பிரசங்கம் பண்ணிக்கிட்டிருந்தவுக அப்படியே வயித்தப் பிடிச்சிக்கிட்டு உக்காந்துட்டாவ. வழி நெடுகப் பாடிக்கிட்டுத்தான் வந்தாவ. நாங்குநேரி தாண்டுனதும் பாட்டு நின்னுபோச்சு. அப்பதான் எனக்குப் பயம் வந்துது."

யூனிஸ் வண்டிக்குள் எட்டிப் பார்த்தாள். வைக்கோலின் மேல் முழங்காலை மடக்கி ஒருக்களித்துக் கிடந்தார். முகம் சாம்பல் நிறமாகியிருந்தது. வாந்தி வாடை அடித்தது.

அவர் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். மறுபடி மூடிக்கொண்டார்.

"ஜெபசீலனைக் கூப்பிடு" என்றார். ஜெபசீலன் அவருடைய மகன், யூனிஸின் புருஷன். ஆனால் அதைச் சொன்னது அவளிடம் அல்ல, வண்டிக்காரரிடம்.

மூன்று வாரமாக இப்படித்தான். ஒரே வீட்டில் இருந்துகொண்டு, சோறு போடும்போது கூட, "போதும்" என்பதைச் சுவரைப் பார்த்துச் சொல்லிவந்தார். காரணம் பெரிய ரகசியம் இல்லை. ஆபரேஷன் அறையில், ஜெப நேரத்தில், நர்ஸாக நின்ற மருமகள் கண்ணைத் திறந்து வைத்திருந்தாள்.

அந்த ஆஸ்பத்திரியில் ஒரு வழக்கம் இருந்தது. நோயாளி குளோரபாரத்தில் மயங்கிய பிறகு, கத்தி எடுப்பதற்கு முன்னால், டாக்டர் சத்தியநேசன் ஜெபம் பண்ணுவார். அறையில் இருக்கிற எல்லாரும் கண்ணை மூடித் தலை குனிய வேண்டும். ஆதியில் நோயாளி விழித்திருக்கும்போதே ஜெபம் நடந்தது. அதை மாற்றியவர் காந்திமதிநாதன் என்ற ஜவுளி வியாபாரி. மேஜையில் படுத்திருந்த மனிதர், சுற்றிலும் எல்லாரும் தலை குனிந்து நிற்பதைப் பார்த்தார். 'இவரை உம்முடைய கையில் ஒப்புவிக்கிறோம்' என்று டாக்டர் உருக்கமாகச் சொல்வதைக் கேட்டார். தன் கதை முடிந்தது என்று தீர்மானித்து, போர்த்தியிருந்த வெள்ளைத் துணியோடு எழுந்து ஓடினார். வண்ணார்பேட்டை ஆற்றுப்பாலத்தில் வைத்துத்தான் அவரைப் பிடிக்க முடிந்தது. அன்றிலிருந்து முதலில் மயக்கம், பிறகு ஜெபம்.

யாருக்கும் அதில் தவறு தெரியவில்லை, ஆவுடையம்மாள் அந்த மேஜையில் கிடந்த காலை வரை.

அன்று டாக்டர் ஜெபித்துக்கொண்டிருந்தார். எல்லாரும் கண்ணை மூடியிருந்தார்கள். யூனிஸ் மட்டும், ஏனென்று அவளுக்கே தெரியாமல், அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு நீலம் பாரித்தது. நெஞ்சு எழவில்லை. "மூச்சு நின்னுட்டு!" என்று ஜெபத்துக்கு நடுவில் கத்திவிட்டாள். நாக்கை இடுக்கியால் இழுத்துப் பிடித்து, கைகளைத் தூக்கித் தூக்கி இறக்கி, போன மூச்சைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். ஆவுடையம்மாள் பிழைத்து ஊர் போய்ச் சேர்ந்தாள்.

பின்னால் மிஞ்சியது பேச்சுத்தான். 'ஜெபத்துல கண்ணத் தொறந்து வச்சிருந்தாளாமே.' 'ஆண்டவர் காப்பாத்த மாட்டாரு, இவ காப்பாத்திருவாளோ?' அதற்குப் பிறகாவது அவள் அடங்கியிருக்கலாம். அடுத்த ஆபரேஷனில் தலையைக் கூடக் குனியாமல், எல்லாரும் பார்க்கட்டும் என்றே நிமிர்ந்து நின்றாள்.

சபைக் கமிட்டியில் புகார் சொன்னவர் சுவிசேஷமுத்து. வருகிற ஞாயிற்றுக்கிழமை அவள் சபைக்கு முன்னால் நின்று மன்னிப்புக் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்தில் இடம் இல்லை. திருவிருந்தில் இடம் இல்லாதவளுக்கு மிஷன் ஆஸ்பத்திரியிலும் இடம் இல்லை.

கேட்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

இன்று வெள்ளிக்கிழமை.

* * *

டாக்டர் சத்தியநேசன் போர்வையை விலக்கிப் பார்த்தார். தொடையிடுக்கில் வீக்கம் கல்லாக இறுகியிருந்தது. தொட்டதும் உபதேசியார் பல்லைக் கடித்தார்.

"குடல் இறங்கி மாட்டிக்கிட்டது. எத்தனை வருஷமா இருக்குது இது?"

"துணியச் சுத்திக் கட்டிக்கிட்டு ஊழியம் பண்ணுதேன் டாக்டர். இது வரைக்கும் நின்னுது."

"பெத்த மகன் கம்பவுண்டர். மருமக நர்ஸ். ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"மருமகள்ட்ட இதப் போயி எப்படிச் சொல்ல?" என்று முனகினார். பிறகு, அந்த வலியிலும் மானம் வந்தது போல வேட்டியை இழுத்து மூடிக்கொண்டார்.

"இப்பவே அறுக்கணும். சாயந்தரம் வரை விட்டா குடல் அழுகிப்போகும்."

உபதேசியார் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். பங்கா, அந்தத் துணி விசிறி, இழுக்க ஆளில்லாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

"அறுங்க. ஆனா ஒண்ணு. ஏம் மருமக அந்த அறையில இருக்கப்பிடாது."

"வேற யாரு இருக்கா? வெள்ளைக்கார நர்ஸ் மிஸ்ஸியம்மா கோடைக்கானல் போயிருக்காங்க. கத்தி எடுத்துக் கொடுக்கத் தெரிஞ்ச கை இங்கே இவ கைதான்."

"அப்படின்னா ஜெபத்துல கண்ண மூடுதேன்னு எனக்கு வாக்குக் கொடுக்கட்டும். இல்லன்னா வண்டியத் திருப்பச் சொல்லுங்க. நான் என் வீட்டுல கெடந்து சாகுதேன்."

டாக்டர் யூனிஸைத் திரும்பிப் பார்த்தார். யூனிஸ் கொதிக்கிற தண்ணீரில் கிடந்த இடுக்கிகளைப் பார்த்தாள்.  

* * *

ஜெபசீலன் அவளை மருந்தறைக்குள் கூட்டிப்போனான். ஆபரேஷனில் மயக்கம் கொடுக்கிறவன் அவன்தான்; அவன் சட்டையில் எப்போதும் குளோரபாரத்தின் தித்திப்பு வாடை உண்டு. இரவில் தலையணையிலும் அது இருக்கும்.

"மூடுதேன்னு ஒரு வார்த்த சொல்லிரு."

"மூட மாட்டேனே."

"சொல்லத்தான சொல்லுதேன். மயங்குன பொறகு நீ மூடுனா என்ன, தொறந்தா என்ன? அவருக்குத் தெரியவா போகுது?"

"தெரியாது. அதுனாலதான் சொல்ல மாட்டேங்கேன். முழிச்சிருக்க ஆள்ட்டப் பொய் சொன்னா, அவரு கண்டுபிடிச்சி நாலு ஏச்சு ஏசுவாரு. மயங்கிக் கெடக்க ஆள்ட்ட எப்படிப் பொய் சொல்ல?"

"ஏட்டி, எங்கப்பா செத்துருவாரு."

"சாகப்பிடாதுன்னுதான் கண்ணத் தொறந்து வைக்கேன்."

அவன் ஒரு குப்பியின் தக்கையைத் திறந்தான். மூடினான். மறுபடி திறந்தான்.

ஆவுடையம்மாளுக்குப் பிறகு அவன் அந்தக் காலையைப் பற்றி வாய் திறக்கவே இல்லை. நீ செய்தது சரி என்றும் சொல்லவில்லை, தப்பு என்றும் சொல்லவில்லை. பேசாமல் இருப்பதில் யூனிஸுக்குப் பயம் கிடையாது. அவளும் அதிகம் பேசுகிறவள் அல்ல. ஆனால் பேச ஒன்றும் இல்லாத அமைதி ஒன்று. பேச வேண்டியதை அடியில் போட்டு மேலே உட்கார்ந்திருக்கிற அமைதி வேறு. இரண்டாவதோடு ஒரே பாயில் படுக்க அவளால் முடியவில்லை.

"கமிட்டியில என்னைய என்னென்னமோ கேட்டாவ" என்றாள். "அன்னைக்கு குளோரபாரம் விடுத மூஞ்சி மூடியக் கையில பிடிச்சிருந்தவரு கண்ணு எப்படி இருந்துதுன்னு ஒருத்தரும் கேக்கல. நானும் சொல்லல. இனியும் சொல்ல மாட்டேன். ஆனா இன்னைக்கு அந்த மேஜையில கெடக்கப் போறது உங்கப்பா."

ஜெபசீலன் தக்கையை அழுத்தினான். அது உடைந்து பாதி குப்பிக்குள் விழுந்தது. அவன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். அவள் வெளியே வந்துவிட்டாள்.

டாக்டர் கிருமி கொல்லும் கார்பாலிக் தண்ணீரில் கையைக் கழுவிக்கொண்டிருந்தார். அந்தத் தண்ணீர் தின்று தின்று அவருடைய விரல்கள் தோலுரிந்து சிவந்திருந்தன. யூனிஸின் விரல்களும் அப்படித்தான்.

"உன் பிடிவாதம் எனக்குத் தெரியும், யூனிஸ்" என்றார் அவர் திரும்பாமல். "வன்னியராஜ் விஷயத்துலயே பார்த்தேன்."

வன்னியராஜ் அவளுக்கு முன்னால் அந்த அறையில் நின்ற, காயத்துக்குக் கட்டுப் போடும் டிரஸ்ஸர். அப்போதெல்லாம் டாக்டர் கத்தியைக் கையில் ஏந்திக்கொண்டே ஜெபிப்பார். சீழ்க்கட்டி அறுக்கும்போது ஒரு நாள், இடையில் கொஞ்சம் நிறுத்தி, அதே கத்தியோடு கண்ணை மூடி இன்னொரு ஜெபம் ஆரம்பித்தார். நோயாளி மயக்கத்தில் காலை உதைத்தான். கத்தி நுனி வன்னியராஜின் விரலில் பட்டது. முள் குத்தின அளவு காயம்தான். விரல் வீங்கியது, கை வீங்கியது, ஆள் போய்விட்டார். யூனிஸ் அந்த இடத்துக்கு வந்த முதல் நாளே ஓர் எனாமல் தட்டை எடுத்து வந்தாள். 'கத்தி இனிமே கையிலிருந்து கைக்குப் போகாது டாக்டர். தட்டுல வைப்பேன், நீங்க எடுங்க. ஆமென் வரும் வரைக்கும் தட்டு உங்க பக்கம் வராது.' டாக்டர் முகம் சுளித்தார், பிறகு பழகிக்கொண்டார்.

"அதுல நான் உனக்கு இணங்கினேன்" என்றார் டாக்டர். "இதுல நீ எனக்கு இணங்கக் கூடாதா? அந்த ஜெபம் நோயாளிக்காகன்னு எல்லாரும் நினைக்கிறாங்க. எனக்காக. ஜெபிக்காம கத்தி எடுத்தா என் கை நடுங்கும். இது வெளியே தெரிய வேண்டாம்."

யூனிஸ் அவர் கையைப் பார்த்தாள். தண்ணீருக்குள் அது அசையாமல் இருந்தது.

"நீங்க மூடுங்க டாக்டர். கத்தி தட்டுல இருக்கும்போது உங்க கண்ணு மூடியிருந்தா யாருக்கும் சேதமில்ல. நோயாளி மூச்ச கையில வச்சிருக்கவரு மூடப்பிடாது. பக்கத்துல நிக்க நானும் மூடப்பிடாது. நாம கண்ண மூடினாத்தான் ஆண்டவரு கேப்பாராக்கும்?"

"உபதேசியார்கிட்ட அதைச் சொல்லிப் பாரு."

"அதுக்குத்தான் போறேன்."

* * *

ஆபரேஷன் அறையில் ஜன்னல்கள் திறந்திருந்தன. வேப்பமரக் காற்று வெயிலோடு சேர்ந்து உள்ளே வந்தது. மேஜை மேல் உபதேசியார் வெள்ளைத் துணிக்குள் கிடந்தார். தலைமாட்டில் ஜெபசீலன், கையில் மெல்லிய துணி போர்த்திய கம்பி மூடியும் சொட்டுக் குப்பியும். கால்மாட்டில் லூசி. புன்னக்காயல் கத்தோலிக்கப் பெண், தண்ணீர் எடுக்க, ஆளைப் பிடிக்க எல்லாவற்றுக்கும் அவள்தான். டாக்டர் கழுவிய கைகளை மார்புக்கு நேரே தூக்கிப் பிடித்தபடி சற்றுத் தள்ளி நின்றார்.

யூனிஸ் மாமனாரின் முகத்துக்கு நேரே வந்தாள்.

"மாமா."

அவர் சுவரைப் பார்த்தார். மேஜையிலிருந்து பார்க்கச் சுவர் தூரமாக இருந்தது. வேறு வழியில்லாமல் அவளைப் பார்த்தார்.

"நீங்க தூங்குன பொறகு நான் கண்ண மூடினேனா இல்லையான்னு உங்களுக்குத் தெரியப் போறதில்ல. அதுனாலதான் இப்பவே சொல்லுதேன். மூட மாட்டேன்."

"ஏளா, ஒனக்கு என்ன நெஞ்சழுத்தம்!"

"அழுத்தந்தான். உங்க நெஞ்சு ஏறி இறங்குதான்னு பாக்கதுக்கு எனக்கு அந்த அழுத்தம் வேணும்."

"ஆண்டவரு பாத்துக்கிட மாட்டாரா?"

"பாப்பாரு. அவரு பாக்கும்போது நாம மட்டும் ஏன் மூடிக்கிடணும்?"

லூசி இருமினாள். அது இருமல் இல்லை என்று எல்லாருக்கும் தெரியும்.

உபதேசியார் வாயைத் திறந்தார். அதற்குள் வலி வந்து அவரைப் பிடித்து முறுக்கியது. நெற்றியில் வேர்வை பொட்டுப் பொட்டாகக் கிளம்பியது. அது அடங்கும் வரை யாரும் அசையவில்லை. அடங்கியதும், மெலிந்துபோன குரலில் சொன்னார்:

"மயக்கத்துக்கு முந்தி நானே ஜெபிக்கணும்."

டாக்டர் தலையசைத்தார். "சுருக்கமா."

சுவிசேஷமுத்து வாழ்நாளில் சுருக்கமாக ஜெபித்தவர் அல்ல. அவருக்கு இன்னொரு கெட்டிக்காரத்தனமும் உண்டு. நேரில் சொல்ல முடியாததை எல்லாம் ஜெபத்தில் வைத்துச் சொல்வார். குடிக்கிறவன், கடனைத் திருப்பிக் கொடுக்காதவன், கோவிலுக்குப் பிந்தி வருகிறவள் எல்லாரும் அவர் ஜெபத்தில் தங்களைத் தாங்களே கண்டுகொள்வார்கள். ஆண்டவரிடம் பேசுகிறவரை யார் மறித்துப் பேச முடியும்?

"பரம பிதாவே" என்று கண்ணை மூடினார். "ஒரு பெலவீனமான பாத்திரமாய் உமது சந்நிதியில் கிடக்கிறேன். என்னைச் சூழ்ந்து நிற்கிறவர்களை நீர் அறிவீர். மாமனார் வார்த்தைக்குக் கீழ்ப்படியாத மருமகள்மாரை நீர் அறிவீர். நாலெழுத்துப் படித்துவிட்டு, கையில் ஒரு இடுக்கியும் கிடைத்துவிட்டால், உம்முடைய வேலையையும் தாங்களே பார்த்துவிடலாம் என்று எண்ணுகிற கர்வத்தை நீர் அறிவீர். ஞாயிற்றுக்கிழமைக்கு முன் அந்தக் கல்லான இருதயத்தை உடைத்தருளும். டாக்டர் கையை ஆசீர்வதியும். ஆமென்."

"ஆமென்" என்றார் டாக்டர். "ஆமென்" என்றான் ஜெபசீலன். லூசி சிலுவை போட்டுக்கொண்டாள்.

யூனிஸும் ஆமென் என்றாள். ஆனால் அவள் நகரவில்லை. கைகளைத் தூக்கிப் பிடித்தபடி, மாமனாரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே, அவரைப் போலவே நிதானமாகத் தொடங்கினாள்.

"பரம பிதாவே."

உபதேசியாரின் இமை துடித்தது.

"எங்க மாமாவை நீர் அறிவீர். ஊர் பாவத்தை எல்லாம் வெளியில் எடுத்துப் போடுகிறவர், தன் நோயை மட்டும் துணியில் சுற்றி ஒளித்து வைத்திருந்ததையும் அறிவீர். அந்தப் பிடிவாதத்தை மன்னியும். அவர் பாட்டு இல்லாமல் எங்கள் வீடு வீடாக இல்லை. அவரை இந்த மேஜையிலிருந்து பாடிக்கொண்டே எழுப்பும். விழித்திருக்கச் சொன்னவரும் நீர்தானே. அவர் எழும்பும் வரைக்கும் எங்கள் கண்களில் ஒன்றும் மூடிப்போகாதபடி காத்தருளும்."

நிறுத்தினாள். ஆமென் சொல்லவில்லை. காத்திருந்தாள்.

 வெளியே வேப்பமரத்தில் காகம் ஒன்று கரைந்து ஓய்ந்தது. எல்லாரும் உபதேசியாரையே பார்த்தார்கள்.

அவர் உதட்டை இறுக்கிக்கொண்டிருந்தார். அவருக்கு விளங்கிவிட்டது. ஆமென் என்றால் அப்படியே ஆகட்டும் என்று பொருள். அதை முப்பது வருஷமாகச் சிறு பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவர் அவர். ஒருவர் ஜெபித்த ஜெபத்தை ஆமென் இல்லாமல் அந்தரத்தில் விடவும் அவருக்குப் பழக்கமில்லை. வலி ஒரு பக்கம் இழுத்தது. வாழ்நாள் வழக்கம் ஒரு பக்கம் இழுத்தது.

நேரம் போய்க்கொண்டிருந்தது. டாக்டர் வாய் திறக்கப் போனார். யூனிஸ் கண்ணாலேயே அவரை நிறுத்தினாள்.

"...ஆமென்" என்றார் உபதேசியார், பல்லுக்கு நடுவிலிருந்து. உடனே, "வம்புக்காரி" என்றும் சேர்த்துக்கொண்டார்.

"ஆண்டவர நடுவுல நிறுத்தி வச்சிக்கிட்டுச் சண்டை போடுத குடும்பத்த இங்கனதான் பாக்கேன்" என்று லூசி முணுமுணுத்தாள்.

ஜெபசீலன் மூடியைத் தகப்பனாரின் முகத்தின் மேல் வைத்தான். முதல் சொட்டு விழுந்தது.

* * *

உபதேசியார் மயங்குவதற்கு முன் ஒரு பாட்டைத் தொடங்கினார். முதல் அடி முடியவில்லை. குரல் இழுபட்டுக் கரைந்தது. ஜெபசீலன் இமையைத் தொட்டுப் பார்த்தான். அசைவில்லை.

"ஆச்சு" என்றான்.

டாக்டர் மேஜையருகே வந்தார். வெட்ட வேண்டிய இடத்தைப் பார்த்தார். யூனிஸ் அவர் கையைப் பார்த்தாள். விரல்கள் மெல்ல நடுங்கின.

"ஜெபம் பண்ணுவோம்" என்றார். கண்ணை மூடினார்.

அவள் மறுக்கவில்லை. தட்டை மேஜையிலிருந்து ஒரு கை தூரம் விலக்கி வைத்துக்கொண்டாள். லூசியின் தலை குனிந்தது. ஜெபசீலனின் தலையும் குனிந்தது. குனிந்த தலையில் கண் மூடியிருக்கிறதா, திறந்திருக்கிறதா என்று அவளுக்குத் தெரியவில்லை. ஒரு கணம் அவனைத்தான் பார்த்தாள். மயங்கிக் கிடப்பவரை விட்டு அவனைப் பார்க்கிறோம் என்று உறைத்ததும் பார்வையைத் திருப்பினாள்.

நெஞ்சு ஏறியது. இறங்கியது. ஏறியது.

டாக்டரின் குரல் தாழ்ந்து, சீராக, தாமிரபரணி கோடைக் காலத்தில் போவது போலப் போய்க்கொண்டிருந்தது.

நெஞ்சு ஏறியது. பாதியில் நின்றது. தொண்டைக் குமிழ் மேலும் கீழும் போயிற்று.

வாந்தி. மாட்டிக்கொண்ட குடலிலிருந்து மேலேறி வருவது. மல்லாந்து கிடப்பவரின் வாய்க்குள் வந்தால் மூச்சுக்குழாயில்தான் இறங்கும்.

அவள் வாய் திறப்பதற்குள் மூடி முகத்தை விட்டு எழுந்துவிட்டது. ஜெபசீலனின் இரண்டு கைகளும் தகப்பனாரின் தாடையையும் பிடரியையும் பிடித்து ஒரே திருப்பாகப் பக்கவாட்டில் திருப்பின. யூனிஸ் தலைமாட்டுத் தொட்டியை நீட்டினாள். பச்சை நிறத்தில் குபுக்கென்று வந்து அதில் விழுந்தது. மறுபடியும் வந்தது. அவன் விரலில் துணி சுற்றி வாயைத் துடைத்தெடுத்தான். தாடையை முன்னால் தள்ளிப் பிடித்துக்கொண்டான்.



உபதேசியாரின் வலது கால் துள்ளி, அதைக் கட்டியிருந்த வார் நெகிழ்ந்து, டாக்டரின் கையில் மோதியது. வெறுங்கை. கத்தி எட்டாத தூரத்தில், தட்டில், அசையாமல் கிடந்தது.

டாக்டர் கண்ணைத் திறந்தார். ஜெபம் பாதியில் நின்றது. தொட்டியைப் பார்த்தார். ஜெபசீலனைப் பார்த்தார். ஜெபசீலன் யாரையும் பார்க்கவில்லை. தகப்பனாரின் உதட்டுக்கு மேலே காதை வைத்து, பார்வையை நெஞ்சில் வைத்து, குனிந்தே நின்றான். கண் சிவந்து ஈரமாக, அகலத் திறந்திருந்தது.

மூச்சு ஒரு முறை சிக்கியது. பிறகு சளசளத்தது. பிறகு தெளிந்து வந்தது.

"வருது" என்றான்.

டாக்டரும் யூனிஸும் போய் மறுபடி கை கழுவிக்கொண்டு வந்தார்கள். லூசி வாரை இறுக்கினாள். டாக்டர் கத்திக்காகக் கையை நீட்டினார். யூனிஸ் தட்டை நகர்த்தவில்லை.

அவர் அவளைப் பார்த்தார். பிறகு புரிந்துகொண்டார். ஆமென் இன்னும் வரவில்லை.

சத்தியநேசன் டாக்டர் இந்த முறை கண்ணை மூடவில்லை. மேஜையில் கிடந்தவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே, விட்ட இடத்திலிருந்து எடுத்து, நாலே வார்த்தையில் முடித்தார்.

"ஆமென்."

யூனிஸ் தட்டை நீட்டினாள். கத்தியை எடுத்த கை நடுங்கவில்லை.

* * *

வெயில் சாய்ந்து ஜன்னல் கம்பிகளின் நிழல் கட்டிலில் விழுந்தபோது உபதேசியார் கண் விழித்தார். குடல் கறுத்திருந்தாலும் அழுகவில்லை. வெந்நீர்த் துணி போட்டுப் போட்டு நிறம் திரும்பக் கண்ட பிறகே டாக்டர் உள்ளே தள்ளித் தைத்தார். அதெல்லாம் அவருக்குத் தெரியாது. நாக்கு ஒட்டியது. தண்ணீர் கேட்டார். யூனிஸ் ஈரத்துணியால் உதட்டை மட்டும் நனைத்தாள்.

"கஞ்சத்தனம்" என்றார்.

"இன்னைக்கு அம்புட்டுதான் மாமா."

  கட்டிலின் மறுபக்கம் ஜெபசீலன் நின்றுகொண்டிருந்தான். நாற்காலி இருந்தும் உட்காரவில்லை.

"ஏளா, கண்ண மூடினியா?"

"இல்ல மாமா."

அவர் கண்கள் மெதுவாக மகன் பக்கம் போயின.

"நீ?"

யூனிஸ் கையிலிருந்த துணியைப் பார்த்தாள். இந்தப் பதிலை அவள் சொல்லக் கூடாது. மூன்று வாரமாக அவளைச் சுற்றி அடைத்துக்கொண்டிருந்த அந்த அமைதி, கட்டிலுக்கு மேலே, மூன்று பேருக்கும் நடுவில் வந்து நின்றது. எங்கோ ஒரு வார்டில் ஒரு குழந்தை அழுதது. யாரோ அதை அதட்டினார்கள்.

"மூடலப்பா" என்றான் ஜெபசீலன்.  "இனி மூடவும் மாட்டேன். ஞாயித்துக்கிழமை இவள நிறுத்துனா நானும் கூட நிப்பேன். திருவிருந்து இவளுக்கு இல்லன்னா எனக்கும் வேண்டாம்."

யூனிஸ் நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்தால் அழுதுவிடுவோம் என்று இருந்தது. அதை மாமனார் பார்க்கக் கூடாது.

உபதேசியார் மகனை ஏறிட்டுப் பார்த்தபடியே கிடந்தார். அந்த முகத்தில் கோபமா, வேறு எதுவா என்று சொல்ல முடியவில்லை. அடிவயிற்றில் போட்டிருந்த துணிக்கட்டைத் தடவிப் பார்த்தார்.

"சிவசைலம் போயிட்டானா?"

"வாசல்ல மாட்டுக்குத் தண்ணி காட்டுதாரு."

"அவன அனுப்பி, கமிட்டிக்காரங்கள இங்கன வரச் சொல்லு. இன்னைக்கே. ஞாயித்துக்கிழமை வரைக்கும் பொறுக்காண்டாம்."

"எதுக்குப்பா?"

உபதேசியார் கண்ணை மூடிக்கொண்டார்.

ஜெபசீலன் யூனிஸைப் பார்த்தான். புகாரைத் திரும்ப வாங்கவா, தீர்ப்பை இன்றைக்கே முடித்துவிடவா? முன்னொரு நாள் என்றால் அவன் நயந்து கெஞ்சியிருப்பான். இப்போது அவள் முகம் என்ன சொல்லும் என்று காத்திருந்தான்.

"போயி வரச் சொல்லுங்க" என்றாள் அவள். "எல்லாரும் வரட்டும்."

அவன் போனான். அவள் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, கட்டிலருகே வந்து நின்றாள். மாமனார் தூங்குகிறாரா, தூங்குவது போல் கிடக்கிறாரா, தெரியவில்லை. வாசலில் வண்டி திரும்பும் சத்தம் கேட்டது.

அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. போர்வைக்கு அடியில் அவர் நெஞ்சு ஏறுவதையும் இறங்குவதையும் பார்த்துக்கொண்டே இருந்தாள்.